முகாமுக்குப் போகிறீர்களா? முதலில் கழிப்பறைக்குப் போய் வாருங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாலைந்து நாள் கழித்து, ஒரு வேன் நிறைய சோப்பும் சுவரொட்டியுமாக அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாம் ஒன்றில் போய் இறங்கினேன். ஆறு படங்களில் கை கழுவும் முறை, நல்ல கலர், வழவழப்பான தாள். குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுத் திருப்தியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு அக்கா வந்து நின்றார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணி எங்க?"

குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டியை நிரப்ப ஊராட்சியில் ஆளாளுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நானோ குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் அதற்கு மேலே படம் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ அப்படி ஒரு வேனில் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுகாதார விழிப்புணர்வு, நடத்தை மாற்றம், மக்கள் பங்கேற்பு என்றெல்லாம் திட்ட அறிக்கையில் எழுதியிருப்பார்கள். போய் இறங்கியதும் என்ன செய்வது என்று அதில் இருக்காது.

1. முதல் நாள் பேசாமல் ஒரு சுற்று

மைக், பேனர், நோட்டீஸ் எதுவும் முதல் நாளில் வேண்டாம். முகாமில் இருக்கும் ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் போங்கள். முடிந்தால் உபயோகித்துவிட்டே வாருங்கள். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் விழுகிறதா? உள்ளே தண்ணீர் இருக்கிறதா? மக் இருக்கிறதா? தகரத்தில் ஓட்டை இருக்கிறதா? இருட்டிய பிறகு, டார்ச் இல்லாமல், இன்னொரு தடவை அதே வழியில் நடந்து பாருங்கள். பெண்கள் பக்கத்தைப் பார்க்க உடன் வந்த பெண் ஊழியரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ அனுப்புங்கள்.

தரை காய்ந்து, மூலையில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அங்கே யாரும் போவதில்லை என்று அர்த்தம். அதிகாரிகள் பார்வையிட வரும்போது இந்தக் கழிப்பறையைத்தான் "சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். நாற்றமடிக்கும் கழிப்பறையையாவது நாலு பேர் பயன்படுத்துகிறார்கள்.

கையில் ஒரு அளவுகோலும் வேண்டும். உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் ஸ்பியர் கையேட்டை வைத்துக்கொள்கின்றன. அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லும் சில எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. தண்ணீருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. நம்மைப் போலத் தண்ணீரால் கழுவிக்கொள்கிறவர்களுக்குக் கழிப்பறையில் ஆளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தனியாகக் கணக்கு வைக்கவும் அந்தக் கையேடு சொல்கிறது. நம் ஊர் முகாம்களில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த ஒன்றிரண்டு லிட்டர்தான்.

அதே பள்ளிக்கூடத்துக் கதையைக் கேளுங்கள். கட்டடத்துக்குப் பின்னால் பெண்களுக்கென்று தகரத்தில் நாலு கழிப்பறை அடித்திருந்தார்கள். யாரும் போகவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து சீமைக்கருவேலங்காட்டுக்கே போனார்கள். ஆண்களிடம் கேட்டேன். "எங்க பொம்பளைங்களுக்கு அது பழக்கமில்ல சார், காத்தாட கொல்லைக்குப் போனாத்தான் சரிவரும்" என்றார்கள். நம்பிவிட்டேன். இரண்டு நாள் உட்கார வைத்துக் கழிப்பறையின் நன்மைகளைப் பேசினேன். தலையை ஆட்டினார்கள். மறுநாளும் காட்டுக்குத்தான் போனார்கள்.

மூன்றாம் நாள் செவிலியர் அக்கா சமையல் பக்கம் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களோடு தானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. தண்ணீர் டிரம் முன்வாசல் தாழ்வாரத்தில் இருந்தது. ஆண்கள் நாள் முழுக்கச் சீட்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். பின்பக்கம் போக வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்தின் நடுவில் வாளியில் மொண்டு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். "வாளியத் தூக்குனாலே எங்க போறோம்னு ஊருக்கே தெரிஞ்சுபோவுது. அதுக்கு அந்தக் காடே மேல்" என்றாராம் ஒருவர்.

செலவே இல்லாத வேலை. டிரம்மைப் பின்பக்கம் தூக்கி வைத்தோம். எங்கே வைப்பது என்பதை அந்தப் பெண்களே காட்டினார்கள். நான் காட்டிய இடம் சரியில்லை, மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்றார்கள். விழுந்து கிடந்த தென்னைக்கு அந்த வருஷம் பஞ்சமா? கீற்றுத் தட்டி கட்டி மறைத்தோம். அன்று சாயங்காலமே கழிப்பறைகளில் ஆள் நடமாட்டம். என்னுடைய இரண்டு நாள் பேச்சு அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கழிப்பறை நல்லது என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

2. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

போன இடத்தில் முதலில் எதிரில் வருகிறவர் ஊராட்சித் தலைவராக இருப்பார், அல்லது கரை வேட்டி கட்டிய வேறு யாராவது. கடற்கரைக் கிராமமானால் ஊர்ப் பஞ்சாயத்தார். அவர்களை மதித்து, சொல்லிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் இரண்டே நாளில் வேலை நின்றுவிடும். ஆனால் அவர்கள் சொன்னதே ஊர் சொன்னது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அப்படி எழுதியதால் வந்ததுதான் மேலே சொன்ன இரண்டு நாள்.

தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் வேறு. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். இவர்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். அப்புறம் கைக்குழந்தைக்காரி, நடக்க முடியாத தாத்தா, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள். முகாமில் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று பையன்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: இந்த முகாமில் யார் இல்லை? ஊரில் முன்னூறு வீடு என்றால் இங்கே எத்தனை? எந்தத் தெருக்காரர்கள் வரவில்லை? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதும், ஒரே தொட்டியில் தண்ணீர் பிடிக்க முடியாமல் போனதும் பதிவாகியிருக்கின்றன. "அவங்க அங்க பள்ளிக்கூடத்துல தனியா இருக்காங்க சார், அவங்களுக்கு அதுதான் வசதி" என்று யாராவது சொன்னால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கே போய்விடுங்கள். கழிப்பறையும் குளோரினும் அங்கே போயிருக்காது.

கேட்கும் விதத்துக்கு வருவோம். "சாப்பிடும் முன்னாடி கை கழுவுவீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் எந்த ஊரிலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். குழந்தை எங்கே போனான், எதால் துடைத்தீர்கள், அதை எங்கே போட்டீர்கள், அப்புறம் அடுப்பு மூட்டினீர்களா? அந்தப் பேச்சில் தண்ணீர் எங்கே தீர்ந்தது, சோப்பு எங்கே இல்லை என்பதெல்லாம் தானாக விழும்.

நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் விஷயத்துக்குப் புளியங்கொட்டை நல்ல வழி. மூன்று கொட்டாங்கச்சியை ஒரு மறைவில் வையுங்கள். ஒன்றில் கழிப்பறைப் படம், ஒன்றில் காடு, ஒன்றில் கடற்கரை. ஆளுக்கு ஒரு கொட்டை. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரட்டும். எண்ணுவதை அவர்களே எண்ணட்டும். எண்ணி முடித்ததும் வரும் சிரிப்பிலும் சலசலப்பிலும்தான் உண்மையான கூட்டம் ஆரம்பிக்கும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது சோறு வடிக்கும் நேரத்தையும் நிவாரண லாரி வரும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். நாற்காலி போட்டால் நீங்கள் உட்காராதீர்கள்.

3. மூன்றுக்கு மேல் சொல்லாதீர்கள்

மலம் வாய்க்குப் போகும் வழிகள் அப்படி ஒன்றும் அதிகமில்லை: விரல், ஈ, தண்ணீர், மண், சாப்பாடு. வீட்டையும் பிழைப்பையும் இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் இருபது அறிவுரை சொன்னால் ஒன்றும் நிற்காது. நான் பெரும்பாலும் மூன்றைத்தான் எடுத்துக்கொள்வேன். கழிப்பறைக்குப் போய்வந்ததும், குழந்தைக்குக் கழுவிவிட்டதும், உணவைத் தொடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. குழந்தையின் மலத்தையும் கழிப்பறையிலேயே கொட்டுவது. "பச்சப்புள்ளதானே, அதுல என்ன இருக்கு" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, ஆனால் அதில்தான் கிருமி அதிகம் இருக்க வாய்ப்பு. மூன்றாவது, குடிதண்ணீருக்குள் கை படாமல் எடுப்பது.

மூன்றாவதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. நம் குடம் இருக்கிறதே, வாய் குறுகியது. கை எளிதில் உள்ளே போகாது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். இப்படி ஒரு பாத்திரத்தைத்தான் நீர்ச் சுகாதார நிபுணர்கள் உலகம் முழுக்கச் சிபாரிசு செய்கிறார்கள். நிவாரணத்தில் நாம் கொடுப்பதோ அகன்ற வாய் பக்கெட். அதில் டம்ளரை முக்கி முக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. பொருள் பட்டியல் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

4. பொருளுக்குப் பிறகுதான் பேச்சு

ஒருவருக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு என்பது கையேட்டுக் கணக்கு. கொடுத்தால் மட்டும் போதாது, கழிப்பறைக்கு வெளியே கை கழுவும் இடத்தில் இருக்க வேண்டும். பொதுவில் வைத்த சோப்பு ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். திருட்டு என்று நினைக்காதீர்கள், வீட்டில் சோப்பு இல்லாதவர் எடுத்துப் போகிறார். பழைய நைலான் வலைத்துணியில் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம். அதைவிட நல்ல வழி வங்கதேசத்தில் பழக்கத்துக்கு வந்த சோப்புத் தண்ணீர்: ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, 30 கிராம் துணி சோப்புத் தூளைப் போட்டுக் குலுக்கி, மூடியில் ஒரு துளை. அதை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு பாட்டில் நாள் கணக்கில் வரும்.

குழாய் இல்லாத இடத்தில் ஐந்து லிட்டர் கேனைக் கழியில் கட்டி, கயிற்றைக் காலால் மிதித்தால் கவிழும்படி செய்யலாம். பையன்களிடம் ஒரு தடவை காட்டினால் போதும், அடுத்த ஐந்தை அவர்களே கட்டிவிடுவார்கள். தினமும் யார் நிரப்புவது என்பதைக் கட்டும்போதே பேசிவிடுங்கள்.

மாதவிடாய் விஷயத்தைக் கட்டாயம் பெண் ஊழியர்தான் பேச வேண்டும். நாப்கின் பெட்டி பெட்டியாக வரும். துணி பயன்படுத்திப் பழகிய அம்மாக்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மறைவாகத் துவைக்க, வெயிலில் காயப்போட ஒரு இடம். நாப்கினை எங்கே போடுவது என்று சொல்லாமல் கொடுத்தால் ஒரே வாரத்தில் கழிப்பறை அடைத்துக்கொள்ளும். மூடி போட்ட ஒரு வாளி, அதை யார் எடுத்து எரிப்பது என்ற ஏற்பாடு, இரண்டும் நாப்கினோடு சேர்ந்தே போக வேண்டும்.

5. மனசு எதற்கு அசையும்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பயமுறுத்துவது. காலரா வரும், டைபாய்டு வரும். புயலில் தப்பி வந்தவரை இன்னும் என்ன பயமுறுத்துவது?

சித்தூர் மாவட்டக் கிராமங்களில் "சூப்பர் அம்மா" என்று ஒரு பிரச்சாரம் நடத்திப் பார்த்தார்கள். அதில் நோய், கிருமி பற்றிய பேச்சே கிடையாது. பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து ஆளாக்குகிற ஒரு அம்மாவின் கதை. எதிர்ப்பக்கம் லட்டு லிங்கம் என்று ஓர் அருவருப்பான ஆள், அழுக்குக் கையோடு லட்டுப் பிடிப்பான். பிள்ளைப் பாசம், அருவருப்பு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் சரக்கு. 2014இல் வெளியான முடிவின்படி, பிரச்சாரம் நடந்த ஊர்களில் ஆறு மாதம் கழித்து, முக்கியமான நேரங்களில் சோப்புப் போட்டுக் கை கழுவியது 37 சதவீதம். நடக்காத ஊர்களில் 6 சதவீதம். வீட்டில் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கு இது. ஈராக்கில் இடம்பெயர்ந்தவர்கள் முகாமில் கண்ணாடி போன்ற சோப்புக்குள் ஒரு பொம்மையை வைத்துக் கொடுத்தார்கள். கரைந்தால் பொம்மை கிடைக்கும். பிள்ளைகள் கழுவித் தள்ளினார்கள்.

அருவருப்பைத் தூண்டலாம், ஆளை அவமானப்படுத்தக் கூடாது. 2000 வாக்கில் வங்கதேசத்தின் ராஜ்ஷாகி பக்கத்தில் கமல் கார் என்ற இந்திய நிபுணர் தொடங்கிய முறையில், ஊரே சேர்ந்து நடந்து போய், மலம் கிடக்கும் இடத்தைப் பார்த்து, தாமே முகம் சுளித்து, தாமே முடிவெடுப்பார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுக்கு வந்தபோது சில இடங்களில் விடியற்காலையில் விசில் ஊதித் துரத்துவது, போட்டோ எடுப்பது என்று போனது. நிலையாக ஊரில் இருப்பவர்களிடமே நான் அதை ஏற்க மாட்டேன். வீடு போய்ப் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்திருப்பவரிடம் செய்வது அயோக்கியத்தனம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு உப்புச் சர்க்கரைக் கரைசலுடையது. 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்காவ் மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த கரைசலைக் குழாய் வைத்த டிரம்களில் ஊற்றி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையில் டம்ளரைக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்து கொடுத்த கை அம்மாவுடையது, அண்ணனுடையது.

1980இல் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு இதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது சுமார் அரை லிட்டர் தண்ணீர். பத்து ஆண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள் வரை போனார்கள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் வெறுமனே வீட்டுக்குப் போய்வந்ததற்கு அல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்த அம்மா எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள், கரைசலைச் சரியாகக் கலக்குகிறாளா என்பதைப் பொறுத்து. அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல். அம்மாக்களுக்குக் கலக்கத் தெரிந்தது, ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தால் அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டியபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றாலே போனால் அவர்கள் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப உட்கார வைத்துப் புரியவைத்தார்கள். கரைசலைக் கலக்கி எல்லார் முன்னாலும் தாங்களே ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். கடைத்தெருவிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள், ஏனென்றால் வீட்டில் முடிவெடுப்பவர் அங்கேதான் இருந்தார். பிறகு பயன்பாடு ஏறியது.

இப்போது நம் கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டே இருக்கிறது. பெரிய பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது குழந்தைக்குக் கெடுதல். காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்து வைத்து, பாக்கெட்டோடு ஒன்றைக் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது அவர்களையே கலக்கச் சொல்லிப் பாருங்கள், நீங்களும் ஒரு வாய் குடியுங்கள். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் என்பதைச் செவிலியர் சொல்லித் தருவார். கண் குழிந்து, துவண்டு, குடிக்கவும் முடியாமல் கிடக்கும் பிள்ளையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். அதில் விழிப்புணர்வுக்கு வேலை இல்லை, வண்டிக்குத்தான் வேலை.

6. வதந்தியை நோட்டில் எழுதுங்கள்

"அந்தத் தண்ணில மருந்து கலக்குறாங்க, குடிச்சா புள்ள பிறக்காது." "ப்ளீச்சிங் வாடை அடிக்குது, அது வயித்துக்கு ஆகாது." இப்படி வரும். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்பதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே பேச்சு மூன்று தெருவில் வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. தண்ணீரில் குளோரின் உண்மையிலேயே அதிகமாகப் போட்டிருப்பார்கள்.

குளோரின் சந்தேகத்துக்கு நான் கண்ட நல்ல மருந்து குளோரோஸ்கோப், அதாவது தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கும் சிறு சோதனைப் பெட்டி. சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். தண்ணீரில் அதிலுள்ள திரவத்தைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. இதை நீங்கள் செய்து காட்டாமல், அதிகம் குறை சொல்கிற அத்தை கையிலேயே கொடுங்கள். மறுநாளிலிருந்து அவரே தண்ணீர் லாரியை நிறுத்திச் சோதிப்பார். டிரைவர் பாடு திண்டாட்டம்தான்.

சில மறுப்புகள் வதந்தியால் வருவதில்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, லைபீரிய அரசு தலைநகர் மன்ரோவியாவில் இறந்தவர்களை எரிக்க உத்தரவிட்டது. மருத்துவக் கணக்கில் சரியாகத்தான் இருந்தது. எரிப்பது நமக்கு வழக்கம். அவர்களுக்கோ அது செத்தவருக்குச் செய்யும் துரோகம். குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன, உடல்களை ராத்திரியில் கமுக்கமாகப் புதைத்தன. அந்த ஆண்டின் முடிவில் தனியாக ஓர் இடுகாடு திறந்து, பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் அடக்கம் செய்ய வழி செய்த பிறகுதான் நிலைமை மாறியது. நாம் தள்ளி நின்று பார்த்துத் தலையாட்ட வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. பயம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அதற்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று முன்கூட்டியே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் போவதுதான் கோளாறு.

7. யார் கழுவுவது?

குழு அமைப்பது சுலபம். தலைவர், செயலாளர், ஐந்து உறுப்பினர், ஒரு நோட்டில் கையெழுத்து. பல அறிக்கைகளில் மக்கள் பங்கேற்பு என்பது இந்தக் கையெழுத்துகளைத்தான். கழிப்பறை எங்கே வர வேண்டும், எந்தப் பொருள் முதலில் வாங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை குழுவுக்கு இல்லையென்றால், இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது. நியாயம்தான்.

குழு கூடியதும் முதலில் எழ வேண்டிய, ஆனால் யாரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. கழிப்பறையை யார் கழுவுவது? மௌனம் நிலவும். பிறகு யாராவது மெதுவாக, "அதுக்குன்னு இருக்கறவங்க வருவாங்க சார்" என்பார். அந்த "அதுக்குன்னு இருக்கறவங்க" யாரென்று நம் எல்லோருக்கும் தெரியும். பெருவெள்ளம் வந்தால் பிற ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் புயலடிக்கும் வாரத்தில் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் முகாமில் யாரையும் வெறுங்கையோடு குழிக்குள் இறங்க விடாதீர்கள்.

எனக்குச் சரிப்பட்டு வந்த ஏற்பாடு இது. முடிந்தவரை நாலைந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, பூட்டு, ஆளுக்கொரு சாவி. பூட்டும் சாவியும் வந்துவிட்டால் அது "நம்ம கக்கூஸ்" ஆகிவிடுகிறது, முறை வைத்துக் கழுவுகிறார்கள். முறைப் பட்டியலில் ஆண்கள் பெயரும் இருக்கட்டும். முதல் நாள் நீங்களே பிரஷ்ஷைப் பிடித்துக் கழுவுங்கள். அது நாடகம் என்று சொல்வார்கள், பரவாயில்லை. பொதுக் கழிப்பறைகளுக்குச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டும்: பூட்ஸ், கையுறை, சோப்பு, அன்றாடக் கூலி, எந்தத் தெருக்காரரும் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு. தன்னார்வம் என்ற பெயரில் இலவசமாக வாங்காதீர்கள்.

8. வேலை நடக்கிறதா என்று பார்ப்பது

மறுபடியும், கேட்காதீர்கள், பாருங்கள். காலை ஆறு முதல் எட்டு வரை கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து எண்ணுங்கள். சோப்புத் தண்ணீர் பாட்டில் எத்தனை நாளில் தீர்கிறது? கழிப்பறைக்குப் போகும் வழியில் புல் மிதிபட்டிருக்கிறதா? காட்டுப் பாதையில் புல் மறுபடி முளைக்கிறதா? ஆயிரம் பேருக்கு இரண்டு பேராவது இந்த வேலைக்கென்றே இருக்க வேண்டும் என்கிறது கையேடு. அந்த இரண்டு பேரும் முகாமுக்குள் இருந்தே வந்தவர்களாக இருந்தால், அவர்களுக்கு இந்தக் கணக்கு உங்களைவிடச் சீக்கிரம் தெரியும்.

புகார்ப் பெட்டி வைப்பார்கள். நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் மிட்டாய்க் காகிதம்தான் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மரத்தடியில் உட்காருங்கள், அதுவே பெட்டி. நேற்று சொன்ன குறைக்கு இன்றைக்குப் பதில் சொல்லுங்கள். முடியாது என்பதும் பதில்தான். "பாத்துச் சொல்றேன்" என்று இரண்டு தடவைக்கு மேல் சொன்னீர்கள் என்றால் மூன்றாவது நாள் மரத்தடியில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

9. கிளம்பும்போது

முகாம் திடீரென்று காலியாகும். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று உத்தரவு வரும், இரண்டு நாளில் எல்லோரும் வீட்டுக்கு, அதாவது வீடு இருந்த இடத்துக்குப் போய்விடுவார்கள். டிரம்களும் கேன்களும் யாருக்கு என்பதைக் குழுவே முன்கூட்டி முடிவு செய்யட்டும்; கடைசி நாளில் விட்டால் அடிதடி ஆகும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் பட்டியலைச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். உங்கள் வதந்தி நோட்டையும் கொடுங்கள், அடுத்த மழைக்கு அவருக்கு உதவும்.

குழிகளை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறாதீர்கள். நிரம்பியவற்றின் மேல் சுண்ணாம்பு தூவி, மண்ணைப் போட்டு மேடாக்கி மிதிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மழைக்கு அது உள்வாங்கும். சுற்றி நாலு முளை அடித்து முள் கட்டுங்கள். எங்கெங்கே குழி என்று ஒரு தாளில் வரைந்து தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். பள்ளி திறந்த அன்றைக்கே பையன்கள் அங்கேதான் கிரிக்கெட் ஆட வருவார்கள்.